‘நேரோ’: ஒரு சொல்லின் பொருள்விரிவும் நீரிணையின் வரலாறும்

ஆங்கிலத்தில் அகலக் குறைவைச் சுட்ட அன்றாடம் வழங்கும் சொல் ‘நேரோ’ என்பதாகும். இருவர் ஒருங்கே நடக்க இயலாத சந்தும் நேரோ. சில வாக்குகளில் கிட்டிய வெற்றியும் நேரோ. பிறர் கருத்துக்கு இடங்கொடாத மனமும் நேரோ. விபத்தொன்றினின்று மயிரிழையில் உயிர் தப்புவதும் நேரோ. இவை அனைத்தையும் ‘குறுகிய’ என்னும் ஒரே பெயரடையால் பெயர்த்துவிடும் போக்கு நம் மொழிபெயர்ப்புகளில் பரவலாகக் காணப்படுகிறது. ஆயின், தமிழில் ‘குறு’ என்னும் அடி முதன்மையாக நீளத்தின் குறைவையும் உருவின் சிறுமையையும் உணர்த்துவது. குறள், குறுந்தொகை, குறுங்காலம் ஆகிய சொற்களில் அகலத்தைப் பற்றிய பேச்சே இல்லை. ‘குறுகிய பாதை’ என்று எழுதினால், அது விரைவில் ஊர் சேர்க்கும் பாதையா, வண்டி நுழையாத பாதையா என்று படிப்போர் ஐயுறுவர். ஒன்று நன்மை, மற்றொன்று இடர்.

இச்சிக்கல் அகராதியோடு முடிந்துவிடுவதன்று. ஓரிடத்தை ஒடுக்கமானது என்று சொல்வது வெறும் அளவைக் கூறுவது போலத் தோன்றினும், அங்கே நின்று பார்ப்பவர் யார் என்பதையும் அது உடன் சொல்லிவிடுகிறது. கப்பலோட்டிக்கு ஒடுக்கம் அபாயம். கரையில் கோட்டை கட்டியிருப்பவனுக்கு அதுவே வரவு. எதிர்க்கரையில் உறவுள்ளவனுக்கு அது அருகாமை. ‘நேரோ’ என்னும் சொல்லும் அதன் உடன்பிறப்பென்று கூறத்தக்க ‘ஸ்ட்ரெய்ட்’ என்னும் சொல்லும் கடந்துவந்த வழியை நாம் பின்தொடர்ந்தால், அவை நம்முடைய மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் வந்து சேர்வதைக் காணலாம்.

சொல்லின் பழம்பொருள்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் வடிவம் ‘நெயரு’ என்பது. அருகில் எனப் பொருள்படும் ‘நியர்’ என்னும் சொல்லோடு ஒலியால் ஒத்திருப்பினும் பிறப்பால் இதற்குத் தொடர்பில்லை. ‘நெயரு’ பெயர்ச்சொல்லாக நின்றபோது இடவொடுக்கத்தோடு துன்பம், இடுக்கண் என்ற பொருள்களையும் தந்தது. பழைய ஆங்கிலக் காப்பியமாகிய பேவுல்ஃபில் இவ்வடி கொடுந்துயரைக் குறிக்கும் கூட்டுச்சொற்களின் உறுப்பாக வருகிறது. டச்சு மொழியில் இதன் இனச்சொல்லாகிய ‘நார்’ என்பது அகலப் பொருளை முற்றிலும் இழந்து, துயரந் தருவது, வெறுக்கத்தக்கது என்னும் பொருளில் மட்டுமே வழங்குகிறது. இதனால், துன்பப்பொருள் பிற்காலப் புலவர் கற்பித்த உருவகமன்று என்பதும், எட்டும் சான்றுகளிலேயே அது அகலப் பொருளோடு உடனுறைகிறது என்பதும் தெளிவாகும்.

இந்நிலை ஒரு மொழிக்கு மட்டும் உரியதன்று. இலத்தீனில் ஒடுக்கமானது என்னும் பொருளுடைய ‘அங்குஸ்துஸ்’ என்னும் சொல்லின் வழியினதே ஆங்கிலத்தில் கடுந்துயரைச் சுட்டும் ‘ஆங்குவிஷ்’. செருமானிய மொழியில் ‘எங்’ என்றால் ஒடுக்கம். அதே வேரினதாகிய ‘ஆங்ஸ்ட்’ என்றால் அச்சம். ரிக் வேதத்தில் துன்பத்தைக் குறிக்கும் ‘அம்ஹஸ்’ என்னும் சொல்லும் இக்குடும்பத்தைச் சார்ந்ததே. அதனின்று விடுபட வேண்டுவோர் அங்கே அகன்ற வெளியையே வேண்டுகின்றனர். இக்குடும்பத்துக்குப் புறம்பான எபிரேயத்தில் ‘த்ஸர்’ என்பது ஒடுக்கத்தையும் இடரையும் ஒருசேரக் குறிக்கும். மலாய் மொழியில் ‘செம்பிட்’ என்பது ஒடுக்கம். ‘கெசெம்பித்தான்’ என்பது வாழ்க்கைத் துன்பம், வறுமை. கேளிக்கை மலையொன்றின் பெயராகவே நம்மில் பலர் அறிந்திருக்கும் ‘கெந்திங்’ என்னும் சொல், மலைகளுக்கிடையே அமைந்த ஒடுங்கிய கணவாயையும், அறுந்துவிடும் அளவுக்கு மெலிந்த நிலையையும், நெருக்கடியையும் குறிப்பதாகும். தாய்லாந்தின் தென்பகுதியில் நிலம் மெலிந்து நிற்கும் கிரா பூசந்தியை மலாய்மொழியார் ‘செகெந்திங் கிரா’ என்பது இப்பொருள்பற்றியே.

தமிழும் இதற்கு விலக்கன்று. நெருக்கு என்பதினின்று நெருக்கடி. முட்டு என்பதினின்று முட்டுப்பாடு. ஒடுக்கு என்பதினின்று ஒடுக்குமுறை. ஒடுங்கிய தெருவையும் ஒடுக்கப்பட்ட மக்களையும் ஒரே வினையடியால் குறிக்கும் மொழி நம்முடையது. திருக்குறளின் 63-ஆம் அதிகாரம் ‘இடுக்கண் அழியாமை’ எனப் பெயர்பெற்றுள்ளது. இடுக்கண் என்பதைத் துன்பத்தால் கண் இடுங்குதலோடு இயைத்துப் பொருள் காண்பாரும் உளர். எனினும், தமிழ் இவ்வொடுக்கத்துக்கு மற்றொரு முகத்தையும் தந்துள்ளது. சித்தர் மரபிலும் சைவ மரபிலும் ஒடுக்கம் என்பது புலனடங்கி உள்ளே நிலைபெறுதல். பெரியோர் அடங்கிய இடமும் ஒடுக்கமே. ஆங்கிலத்தில் ‘நேரோ’ இத்தகைய உயர்வை எய்தவில்லை. ‘நேரோலி’ என்னும் வினையடையில், கூர்ந்து நோக்குதல் என்ற பொருளில் மட்டும் சிறிது மதிப்பு எஞ்சியுள்ளது. அதற்கு நேரான தமிழ், ‘நுணுகி நோக்குதல்’ என்பதேயன்றிக் குறுகி நோக்குதல் ஆகாது.

இரு சொற்களின் சந்திப்பு

‘ஸ்ட்ரெய்ட்’ என்பது வேறு வழியாக வந்த சொல். இறுகக் கட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் எச்சமாகிய ‘ஸ்திரிக்துஸ்’, பழைய பிரெஞ்சு மொழியின் வாயிலாக ஆங்கிலத்தை அடைந்து இவ்வடிவம் பெற்றது. கண்டிப்பைக் குறிக்கும் ‘ஸ்டிரிக்ட்’, துயரைக் குறிக்கும் ‘டிஸ்டிரஸ்’, நாம் மாவட்டம் என்று வழங்கும் ‘டிஸ்டிரிக்ட்’ ஆகிய அனைத்தும் இவ்வினையின் வழித்தோன்றல்களே. ஒரு தலைவனின் கட்டுப்பாட்டுக்குள் அடங்கிய நிலப்பகுதி என்பதே ‘டிஸ்டிரிக்ட்’ என்பதன் தொடக்கப் பொருள். கட்டுதலும் ஆளுதலும் இச்சொல்லில் ஒன்றாயிருந்தமையை நினைவில் கொள்ளுதல் பின்னர் உதவும்.

1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், மத்தேயு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில் இவ்விரு சொற்களும் அருகருகே வருகின்றன. வாழ்வுக்குச் செல்லும் வாயிலுக்கு ஒன்று, வழிக்கு மற்றொன்று. கிரேக்க மூலத்தில் வாயிலுக்கு அகலக் குறைவைச் சுட்டும் சொல்லும், வழிக்கு ‘நெருக்கப்பட்டது’ என்னும் பொருளுடைய எச்சமும் ஆளப்பட்டுள்ளன. பின்னதின் வினை துன்புறுத்தலுக்கும் உரியது. தமிழ்ச் சபைகளில் நீண்டகாலமாக வழங்கிவரும், பவர் திருப்புதல் எனப்படும் 19-ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பு, வாயிலுக்கு ‘இடுக்கம்’ என்னும் சொல்லையும் வழிக்கு ‘நெருக்கம்’ என்னும் சொல்லையும் தேர்ந்துகொண்டது. 118-ஆம் சங்கீதத்தில் துன்பநிலைக்கு நெருக்கம் என்றும் அதனின்று விடுதலைக்கு விசாலம் என்றும் அதே நூல் எழுதுகிறது. ஆங்கிலத்தைவிடக் கிரேக்கத்துக்கும் எபிரேயத்துக்கும் இது நெருங்கிய பெயர்ப்பு என்பது எம் கருத்து. ‘குறுகிய’ என்னும் சொல் அங்கே வந்திருப்பின், வாழ்வுக்குச் செல்லும் வழி விரைவில் முடியும் வழியாகத் தோன்றியிருக்கும்!

காலப்போக்கில் ‘நேரோ’ பொது வழக்கைக் கைப்பற்றவே, ‘ஸ்ட்ரெய்ட்’ சில மூலைகளில் ஒதுங்கியது. வறுமையையும் இக்கட்டையும் குறிக்கும் தொடர்களிலும், கடற்பெயர்களிலும் அது எஞ்சியது. நேரான என்னும் பொருளுடைய மற்றொரு சொல்லோடு ஒலியொற்றுமை கொண்டிருந்தமையால், ஆங்கிலேயரே இவ்விரண்டையும் மயங்கி எழுதலாயினர்.

தொழில்நுட்பம் இச்சொல்லைத் துன்பத்தினின்று விடுவித்து எண்ணாக்க முயன்றது. இருப்புப்பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 1,435 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது ‘நேரோ’ வகை என்பது பிரிட்டானிய வழக்கு. அக்கணக்கின்படி, 1885-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்ட நம் நாட்டின் முதல் இருப்புப்பாதை ஒடுங்கிய பாதையே. அதன் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். ஆனால், இந்தியாவில் அதே இடைவெளி ‘மீட்டர் பாதை’ எனத் தனிப்பெயர் பெற்றது. 762, 610 மில்லிமீட்டர்ப் பாதைகளே அங்கு ஒடுங்கியவை எனப்பட்டன. எண்ணாகிய பின்னரும் சொல் நிலைகொள்ளவில்லை.

ஒடுங்கிய கடல் யாருடையது?

இங்கிலாந்துக்கும் ஐரோப்பியப் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கடற்பரப்பை ஆங்கிலேயர் நெடுங்காலம் ‘நேரோ சீஸ்’, அதாவது ஒடுங்கிய கடல்கள் என்றே வழங்கினர். டோவர் அருகே அதன் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். இப்பெயர் புவியியல் வருணனையாக மட்டும் நிற்கவில்லை. ஒடுங்கிய கடல் தம் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டது என்பதும், அங்கே பிறநாட்டுக் கப்பல்கள் ஆங்கிலக் கொடியைக் கண்டவுடன் பாய்மரத்தையும் கொடியையும் தாழ்த்தி வணங்க வேண்டும் என்பதும் அவர்களது கோரிக்கை. அகன்ற கடலை எவரும் கட்டியாள இயலாது, ஒடுங்கியதை ஆளலாம். ‘டிஸ்டிரிக்ட்’ என்னும் சொல்லில் நாம் கண்ட அதே இணைப்பு இங்கே கடலுக்கு வருகிறது.

இக்கோரிக்கையை எதிர்த்த புகழ்பெற்ற நூல் நம் கடற்பகுதியோடு தொடர்புடையது என்பது ஈண்டு சிறப்பாக நோக்கத்தக்கது. 1603 பிப்ரவரி 25-ஆம் நாள், சிங்கப்பூர் நீரிணையின் கீழ்வாயிலுக்கருகே, ‘சந்தா கத்தரீனா’ என்னும் போர்த்துக்கேயப் பெருங்கப்பலை டச்சுத் தளபதி யாக்கோப் வான் ஹேம்ஸ்கெர்க் கைப்பற்றினார். ஜொகூர் அரசு அவருக்குத் துணைநின்றது. மக்காவிலிருந்து மலாக்கா நோக்கிச் சென்ற அக்கப்பலின் சரக்கு ஆம்ஸ்டர்டாமில் 30 இலட்சம் கில்டருக்கும் மேலாக விலைபோனது. இக்கைப்பற்றுதல் முறையானதே என நிறுவும் பொறுப்பை ஹியூகோ குரோஷியஸ் என்னும் இளம் சட்டவறிஞர் ஏற்றார். அவர் எழுதிய பெருநூலின் ஓர் அதிகாரமே 1609-இல் ‘மாரே லிபரும்’, அதாவது ‘தடையற்ற கடல்’ என்னும் பெயரில் தனிநூலாக வெளிவந்தது. கடல் எவருக்கும் உடைமையாகாது என்பது அதன் கோட்பாடு. அதற்கு மறுப்பாக ஆங்கில அறிஞர் ஜான் செல்டன் எழுதிய ‘மாரே கிளவுசும்’, அதாவது ‘மூடிய கடல்’, 1635-இல் மன்னர் முதலாம் சார்லஸின் ஆதரவோடு அச்சேறியது.

நம் ஒடுங்கிய கடலில் நிகழ்ந்த கொள்ளை ஒரு கோட்பாட்டையும், அவர்தம் ஒடுங்கிய கடலின் மீதான உரிமை அதன் எதிர்க்கோட்பாட்டையும் வளர்த்தன என்று கூறுதல் மிகையாகாது. இதில் ஒரு முரண் உண்டு. கடல் எவருக்கும் உரியதன்று என வாதிட்ட டச்சுக்காரர், மலுக்குத் தீவுகளின் நறுமணப் பொருள் வாணிகத்தில் பிறர் நுழைவதைத் தடுத்தனர். கோட்பாட்டில் கடல் அகன்றிருந்தது, நடைமுறையில் ஒடுங்கிற்று. 1652 மே மாதத்தில், டோவர் அருகே டச்சுத் தளபதி துரோம்ப் தம் கொடியைத் தாழ்த்தாமையை ஒட்டி ஆங்கிலத் தளபதி பிளேக் சுட, மோதல் மூண்டது. வாணிகப் பகையால் முன்னரே முற்றியிருந்த பிணக்கு, அவ்வாண்டிலேயே முதலாம் ஆங்கில–டச்சுப் போராயிற்று. 1654-இன் வெஸ்ட்மின்ஸ்டர் உடன்படிக்கையில் டச்சுக்காரர் அவ்வணக்கத்துக்கு இசைந்தனர்.

நீரிணை, ஜலசந்தி, செலாட்

ஐரோப்பியர் பலர் இத்தகைய கடற்பகுதிக்கு ஒடுக்கம் என்னும் பொருளிலேயே பெயரிட்டனர். ஆங்கிலத்தின் ‘ஸ்ட்ரெய்ட்’, பிரெஞ்சு மொழியின் ‘தெத்ருவா’, செருமானியத்தின் ‘மேரெங்கே’ ஆகிய மூன்றும் அப்படிப்பட்டவை. அரபு மொழியின் ‘மளீக்’ என்பதும் அவ்வாறே. தமிழிலோ நீரிணை என்கிறோம். முன்னைத் தலைமுறையினர் ஜலசந்தி என்றனர். இரண்டிலும் அகலம் பேசப்படவில்லை. நீரும் நீரும் இணையும் இடம், சந்திக்கும் இடம் என்பதே பொருள். இரு நிலங்களுக்கு இடைப்பட்ட இடுக்கு என்று கரையில் நின்று பாராமல், இரு கடல்களின் கூடல் என்று கடலினின்று பார்த்த பெயர்கள் இவை. சொல்லை ஆக்கியோர் இதனை எண்ணி ஆக்கினரா என்பது வேறு. பொருள் அவ்வாறு அமைந்துள்ளது.

மலாக்கா நீரிணையை நோக்கினால் எப்பெயர் பொருந்தும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். அதன் நீளம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். வடமேற்கு வாயிலில் அகலம் 200 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே நிற்பவர் கண்ணுக்கு அது கடலே. தென்கிழக்கே சிங்கப்பூர் நீரிணையோடு கலந்து, பிலிப்ஸ் கால்வாயில் சுமார் 2.8 கிலோமீட்டராகச் சுருங்குகிறது. கெப்பல் துறைமுகத்தின் மேற்கு வாயிலில் இருந்த, சீனர் ‘லொங்யாமென்’ எனக் குறித்ததாகக் கருதப்படும் கற்பாறையை, கப்பல் வழியை அகலப்படுத்தும் பொருட்டு 1848-இல் பிரிட்டானியர் வெடிவைத்துத் தகர்த்தனர்.

இக்கடலின் இருகரையும் ஒரே அரசின்கீழ் இருந்த காலம் உண்டு. மலாக்கா சுல்தானியத்தின் ஆணை சுமத்ராவின் கீழைக்கரையிலும் சென்றது. பின்னர் ஜொகூர்–ரியாவ்–லிங்கா அரசுக்குத் தீபகற்பத்தின் தென்பகுதியும் தெற்கேயுள்ள தீவுகளும் ஒருசேர உரியனவாயிருந்தன. ஒராங் லாவுட் எனப்படும் கடல்வாழ் மக்கள் அவ்வரசின் படையாகவும் வழிகாட்டிகளாகவும் விளங்கினர். அவர்களுக்கு நீரிணை நாட்டின் எல்லையன்று, நாட்டின் நடுவீடு. 1824 மார்ச் 17-இல் இலண்டனில் கையெழுத்தான ஆங்கில–டச்சு உடன்படிக்கை இதனைத் தலைகீழாக்கியது. சிங்கப்பூர் நீரிணைக்குத் தெற்கேயுள்ள தீவுகளில் பிரிட்டானியர் குடியேற்றம் அமைப்பதில்லை என்று ஒப்பினர். டச்சுக்காரர் மலாக்காவை விட்டுத் தீபகற்பத்தினின்று விலகினர். உறவினர் இருபுறமும் வாழ்ந்த நீர்ப்பரப்பு, இரு பேரரசுகளின் வேலியாயிற்று. இணைப்பாயிருந்தது இடுக்காயிற்று.

இரண்டாண்டுகளுக்குப் பின், 1826-இல், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் ஒன்றாக்கப்பட்டு நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் பெயர் பெற்றன. 1867 ஏப்ரல் 1 வரை அவை இந்திய ஆட்சியோடு பிணைக்கப்பட்டிருந்தன. அதன்பின் நேரடி முடியாட்சிக் குடியேற்றமாகி 1946-இல் கலைக்கப்பட்டன. ஒரு நிலத்தின் பெயராலன்றி நீரின் ஒடுக்கத்தின் பெயரால் ஓர் ஆட்சிப்பகுதி அழைக்கப்பட்டமை வியப்புக்குரியது. வங்காளத்துக்கும் சீனத்துக்கும் இடையே சென்ற கப்பல்கள் விலக முடியாத வழி இது என்பதே அதன் மதிப்பு. பெயரும் அம்மதிப்பையே சொன்னது. பின்னர் அப்பெயர் நாளேட்டுக்கும், நாணயத்துக்கும், பாபா சீனருக்கும் அடைமொழியாகி, ஒடுக்கப் பொருளை முற்றும் இழந்தது. 1845-இல் தொடங்கிய அந்நாளேட்டைக் கையிலெடுத்தவர் எவரும் கடலின் அகலத்தை எண்ணியிருக்க மாட்டார்.

சட்டம் ஒடுக்கிய கடல்

ஆட்புலக் கடல் 3 கடல்மைல் என்னும் பழைய வழக்கு நிலவியவரை, இருகரை நாடுகளும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பின்னரும் மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி பொதுக்கடலாகவே எஞ்சியது. 1957-இல் இந்தோனேசியாவும் 1969-இல் மலேசியாவும் 12 கடல்மைல் எல்லையை அறிவித்தன. அதன்பின், 24 கடல்மைலுக்கு, அதாவது சுமார் 44 கிலோமீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள தென்பகுதியில் பொதுக்கடல் என்று ஒன்று இல்லாமற்போயிற்று. ஒரு துளி நீரும் விலகாமல், ஒரு கரையும் நகராமல், நீரிணை ஒடுங்கியது. 1970-இல் இரு நாடுகளும் எல்லை உடன்பாடு கண்டன. 1971 நவம்பர் 16-இல் வெளியான மூன்று நாடுகளின் கூட்டறிக்கையில், இவை பன்னாட்டு நீரிணைகள் அல்ல என்று மலேசியாவும் இந்தோனேசியாவும் கூறின. சிங்கப்பூர் அந்நிலைப்பாட்டைக் குறித்துக்கொள்வதாக மட்டும் கூறியது. துறைமுகத்தால் வாழும் நாட்டுக்கும் நெடுங்கரை உடைய நாடுகளுக்கும் ஒரே நீர் ஒரே அளவினதாகத் தோன்றவில்லை. செல்டனும் குரோஷியஸும் மீண்டும் எதிரெதிரே அமர்ந்தது போன்ற காட்சி இது. கடற்சட்டம் பற்றிய 1982-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, கரைநாடுகளின் ஆட்புல உரிமையை ஏற்று, அதே வேளையில் தடுக்கவியலாத கடப்புரிமையைக் கப்பல்களுக்கு வழங்கி ஒருவாறு சமன்செய்தது.

கரைநாடுகளின் கவலை வெறும் உரிமைப்பற்று அன்று. 1975 சனவரியில் ‘ஷோவா மாரு’ என்னும் சப்பானிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூர் நீரிணையில் தரைதட்டியதால் எண்ணெய் பரவிக் கரைகளைக் கெடுத்தது. பெருங்கப்பல்களின் அடிப்புறத்துக்கும் கடலடித் தரைக்கும் இடையே 3.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்னும் விதி 1977-இல் உடன்பாடாயிற்று. அக்கப்பல் தட்டியது அகலக் குறைவால் மட்டுமன்று, ஆழக் குறைவாலும் ஆகும். ஆங்கிலச் சொல் இங்கே முழுதும் உதவவில்லை.

தமிழர் வாழ்வை நேரே தொடும் மற்றொரு நீரிணையும் இவ்வாறே கோடிடப்பட்டது. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராயிருந்த இராபர்ட் பாக் என்பாரின் பெயர் தாங்கிய பாக்கு நீரிணையில், 1974-இல் இந்தியாவும் இலங்கையும் வரலாற்று நீர்ப்பரப்பு என்னும் அடிப்படையில் எல்லை வகுத்தன. இருகரையிலும் ஒரே மொழி பேசும் மீனவர்க்கு அக்கோட்டின் பின்விளைவுகள் இந்நூற்றாண்டிலும் தொடர்ந்தன.

சிங்கப்பூர் நீரிணையின் கீழ்வாயிலில் நிற்கும் பெட்ரா பிராங்கா, மலாயில் பத்து பூத்தே எனப்படும் பாறை பற்றிய வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் 2008 மே 23-இல் தீர்ப்பளித்தது. அப்பாறை தொடக்கத்தில் ஜொகூர் சுல்தானியத்துக்கே உரியதாயிருந்தது எனக் கண்ட நீதிமன்றம், நீரிணைத் தீவுகளில் உலவிய ஒராங் லாவுட் மக்கள் சுல்தானிடம் கொண்டிருந்த பற்றுறவை அதற்கு உறுதிதரும் சான்றுகளுள் ஒன்றாக ஏற்றது. அரசுகள் வேலியாக்கிய நீரை வீடாகக் கொண்டிருந்த அம்மக்கள், அந்நூற்றாண்டுகளைக் கடந்து ஒரு வழக்கின் சாட்சிகளாயினர். ஆயினும், பிற்கால நடத்தையின் அடிப்படையில் அப்பாறை சிங்கப்பூருக்கும், அருகிலுள்ள மிடல் ராக்ஸ் மலேசியாவுக்கும் உரியன என்று தீர்ப்பாயிற்று. எஞ்சிய சவுத் லெட்ஜ், நீரேற்றத்தில் மறைந்து நீரிறக்கத்தில் மட்டும் தலைகாட்டும் திட்டு. அது எந்நாட்டின் ஆட்புலக் கடலில் அமைகிறதோ அந்நாட்டுக்கு உரியது என்று கூறி, கோட்டை எங்கே கிழிப்பது என்பதை நீதிமன்றம் இரு நாடுகளிடமே விட்டுவிட்டது.